அக்காவின் குளிருக்கு வயது காரணமில்லை

"வயது போனால் குளிரத்தான் செய்யும்." இந்த வசனத்தை இந்த நாட்டில் எத்தனை வீடுகளில் கேட்டுவிட்டேன்! ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்டன் என்று எங்கே போனாலும் கதை ஒன்றுதான். கீழே கராஜ், அதற்கு மேலே ஒரு படுக்கையறை. ஊரில் இருந்து வந்த அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அந்த அறைதான் கிடைக்கும். சனவரியில் அவர் இரண்டு சோடி காலுறையும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு படுப்பார். பிள்ளை ஒரு ஹீற்றரை வாங்கிக் கட்டிலடியில் வைத்துவிட்டுத் தன் கடமை முடிந்தது என்று போய்விடும்.

பிழை வீட்டில் இருக்கிறது. அதைக் கிழவர்களின் தலையில் கட்டுகிறோம்.

அந்த அறையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மற்ற அறைகளுக்குக் கீழே சூடான வீடு இருக்கிறது. இதற்குக் கீழே இருப்பது சூடேற்றாத கராஜ். இரண்டு மூன்று பக்கச் சுவர்களும் வெளிக்காற்றில் நிற்கின்றன. ஃபேர்னஸில் இருந்து வரும் காற்றுக்குழாய் வீட்டின் கடைசி மூலைவரை நீண்டு வந்து சேருவதற்குள் காற்றும் குறைந்துவிடும், சூடும் குறைந்துவிடும். சில வீடுகளில் அந்தக் குழாயே கராஜின் கூரைக்குள்ளால்தான் போகிறது.

என் அக்கா அப்படியான ஓர் அறையில் நாலு குளிர்காலம் படுத்தார். கேட்டால், "எனக்கு ரத்தம் குறைஞ்சு போச்சுது தம்பி, அதுதான்" என்பார். நான் ஒரு மலிவான வெப்பமானியை வாங்கி அவருடைய தலைமாட்டில் வைத்தேன். காலையில் கீழே தேர்மோஸ்ற்றற் 22 பாகை காட்டியது, அக்காவின் அறையில் 15. குளிர்நாடுகளில் வீட்டுக்குள் குறைந்தது 18 பாகை இருக்கவேண்டும், முதியவர்களுக்கு அதைவிடக் கூடவும் வேண்டியிருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொல்லியிருக்கிறது. அக்காவின் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை.

மருமகன் கெட்ட பிள்ளை இல்லை. ஜன்னல் மாற்ற ஒருவரைக் கூப்பிட்டு விலையும் கேட்டு வைத்திருந்தான், 7,000 டொலர். "அது வரைக்கும் ஹீற்றரைப் போடுங்கோ அம்மா" என்று சொல்லி மூன்று வருடம். 1,500 வாற்ஸ் ஹீற்றர் இரவுக்குப் பத்து மணித்தியாலம் எரிந்தால் 15 யூனிற், மாதத்துக்கு 450. போர்வை ஒன்று அதன் மேலே விழுந்தால் என்ன நடக்கும் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

காற்றடித்த ஒரு நாள் நான் ஓர் ஊதுவத்தியைக் கொளுத்திக்கொண்டு அந்த அறையைச் சுற்றி வந்தேன். ஜன்னலடியில் புகை நேரே எழுந்தது. சுவரும் தரையும் சேரும் இடத்தில், பிளக் பொயின்ற் ஓட்டைகளில், வென்றைச் சுற்றி, புகை உள்ளுக்குச் சாய்ந்து ஓடியது. மருமகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தச் சனிக்கிழமையே கராஜின் கூரையில், முன்பக்க ஓரமாக இரண்டடி அகலத்துக்கு ட்றைவோலை வெட்டினோம். உள்ளே பைபர்கிளாஸ் பஞ்சு இருந்தது. இருந்து என்ன? மேலே தரைப்பலகையைத் தொடாமல் தொங்கிக்கொண்டு கிடந்தது. பஞ்சுக்கும் பலகைக்கும் இடையில் நாலு விரற்கடை வெளி, அதற்குள் வெளிக்காற்றுத் தாராளமாக ஓடுகிறது. தீராந்திகளின் நுனியை மூடும் வெளிப்பலகையின் இடுக்குகளால் பகல் வெளிச்சம் தெரிந்தது.

அந்த நுனிகளில் ஃபோம் பலகையை அளவாக வெட்டி வைத்து, சுற்றிவர ஸ்பிறே ஃபோம் அடித்தோம். தெரிந்த காற்றுக்குழாய்ப் பொருத்துகளுக்கு அலுமினியத் தாள் ரேப் ஒட்டினோம். (டக்ற் ரேப் என்று விற்கிற சாம்பல் நிறத் துணி ரேப்பை வாங்காதீர்கள். பேரில் மட்டும்தான் டக்ற், காய்ந்து விழுந்துவிடும்.) பிறகு ஒவ்வொரு தீராந்தி இடைவெளிக்கும் ஓட்டை போட்டு, வாடகை இயந்திரத்தால் செலுலோஸை இறுக ஊதி நிரப்பினோம். செலுலோஸ் என்பது பெரும்பாலும் அரைத்த பழைய பத்திரிகைத் தாள். நாங்கள் வாசிக்காமல் விட்ட இலவசத் தமிழ்ப் பத்திரிகைகளும் அதற்குள் இருக்கலாம். கடைசியில் புது ட்றைவோல் போட்டு, மூட்டுகளுக்குப் பூச்சு. ஃபோமை வெறுமையாக விட்டுவிடக்கூடாது, தீப்பிடித்தால் ஆபத்து. எல்லாம் சேர்த்து 900 டொலரைத் தாண்டவில்லை. அடுத்த குளிரில் அந்த அறை 20 பாகையைவிட்டு இறங்கவில்லை. ஜன்னல் இன்னும் பழையதுதான்.

குளிர் வருகிற ஓட்டையால் கார்ப்புகையும் வரும். இப்போது எல்லோரிடமும் றிமோட் ஸ்ராட்டர். காலையில் கராஜுக்குள் நிற்கும் காரை மேலே இருந்தபடியே ஸ்ராட் பண்ணிச் சூடாக்குகிறார்கள், அதற்கு நேர் மேலே அம்மா நித்திரை. கராஜ் கதவு திறந்திருந்தாலும் அது கூடாத வேலை. வீட்டோடு ஒட்டிய கராஜ் இருந்தால் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் காபன் மொனொக்சைட் அலாரம் இருக்கவேண்டும் என்பது ஒன்ராறியோச் சட்டம்.

சட்டம் என்றதும் இன்னொன்று. ரொறன்ரோவில் வீட்டை வாடகைக்கு விடுபவர் குளிர்காலத்தில் 21 பாகை சூடு கொடுக்கவேண்டும். பேஸ்மென்றில் இருப்பவர் 311க்கு அடித்து முறையிடலாம். கராஜுக்கு மேலே இருக்கும் பெற்ற தாய் எந்த இலக்கத்துக்கு அடிப்பது? குசினிக்குக் கிரனைற் போடக் காசு இருக்கிற வீடுகளில்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறேன்.

எங்களிலும் பிழை இருக்கிறது. "பிள்ளைக்கு ஏன் கரைச்சல்" என்று வாயைப் பொத்திக்கொண்டு நடுங்குகிறோம். ஒரு வெப்பமானியை வாங்கி வையுங்கள், இலக்கத்தைக் காட்டிக் கதையுங்கள். வேலையை ஒக்ரோபர் முடிவதற்குள் செய்யச் சொல்லுங்கள், கடுங்குளிரில் அந்த ஃபோம் ஒழுங்காகப் பொங்காது. "பார்ப்பம்" என்று இழுத்தால், சனவரியில் ஒரு இரவு மட்டும், ஹீற்றர் இல்லாமல், அறையை மாற்றிப் படுக்கக் கேளுங்கள்.