காமிராவும் கருணையும்

பறவைகளைப் படம் பிடிப்பது நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை நாங்கள் தவறு செய்தே கற்றுக்கொண்டோம்.

சென்ற தை மாதம் ஒரு சனிக்கிழமை, பொழுது புலருமுன் கீழ்பென்னாத்தூரிலிருந்து இரண்டு சிஸ்டர்களுடன் பேருந்தில் புறப்பட்டோம். செஞ்சி, திண்டிவனம் வழியாக வேடந்தாங்கலை அடைந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஒரு காமிரா, சிஸ்டரின் கைப்பேசி, ஒரு பைனாகுலர் ஆகியவையே எங்கள் ஆயுதங்கள்.

ஏரிக்கரையில் நின்றதும் வாயடைத்துப் போனோம். நீரில் நின்ற மரங்களில் கிளைக்குக் கிளை கூடுகள்! மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், கூழைக்கடா என்று புத்தகத்தில் படித்த பெயர்கள் எல்லாம் கண்முன்னே உயிருடன் நின்றன.

நாரை பறப்பதைப் படம் எடுக்க ஆசைப்பட்டோம். அவையோ பறப்பதாக இல்லை. பொறுமையிழந்து எல்லாரும் கைதட்டிக் கூச்சலிட்டோம். கரையோர மரத்திலிருந்து நாரைகள் எழும்பின, படமும் கிடைத்தது. உடனே காவலர் ஒருவர் ஓடிவந்தார். "ஏம்மா பாப்பா, தாய் எழுந்துட்டா குஞ்சு வெயில்ல வேகாதா? காக்கா வேற பாத்துக்கிட்டே இருக்கு" என்றார். பைனாகுலரில் பார்த்தோம். பஞ்சு போன்ற குஞ்சுகள் வாயைத் திறந்தபடி வெயிலில் தவித்தன. தாய் திரும்பி வந்து சிறகை விரித்து நிழல் தந்த பிறகே எங்களுக்கு மூச்சு வந்தது. சிஸ்டர் எங்களைத் திட்டவில்லை. அதுவே பெரிய தண்டனையாக இருந்தது.

வேடந்தாங்கல் என்றால் வேடர் தங்கிய ஊர் என்பார்கள். ஆயினும் அவ்வூர் மக்கள் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறார்கள். வெள்ளைக்காரப் படையினர் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டனர். 1798-இல் செங்கற்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் அவர்களது உரிமையை எழுத்தில் தந்தார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அந்த உழவர்கள் அறிந்திருந்தார்கள். தீபாவளிக்கும் அங்கே பட்டாசுச் சத்தம் கேட்பதில்லை. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டியிலும் இதே வழக்கம்தான். 2022-இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் உலகப் புகழ்பெற்ற ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன.

'படம் எடுப்பதால் பறவைகள்மேல் அன்பு வளருமே' என்று எங்களில் சிலர் வாதிட்டார்கள். உண்மைதான். ஆனால் கூட்டைக் கலைத்தும், கல்லெறிந்தும், கைப்பேசியில் பறவையின் குரலை ஒலித்து ஏமாற்றியும் எடுக்கும் படத்தில் அன்பு எங்கே இருக்கிறது? 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முட்டையையும் கூட்டையும் சிதைப்பதைக்கூட வேட்டை என்றே சொல்கிறது. துப்பாக்கி இல்லாமலும் வேடராகலாம் என்பதை அன்று உணர்ந்தோம்.

மாலையில் கரிக்கிலியில் ஒரு மணி நேரம் பேசாமல் அமர்ந்திருந்தோம். வாத்துகள் தாமாகவே அருகில் நீந்தி வந்தன. காத்திருந்து எடுத்த அந்தப் படத்தையே பள்ளிக் கண்காட்சியில் வைத்தோம். கைதட்டி எடுத்த படத்தை அழித்துவிட்டோம்.

தோழியரே! பெற்றோரே! நம் கீழ்பென்னாத்தூரைச் சுற்றியும் ஏரிகள் உள்ளன. மழைக்காலத்தில் அங்கும் கொக்கும் நாரையும் வருகின்றன. வேடந்தாங்கல் மக்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகச் செய்வதை நாம் ஒரு தீபாவளிக்காவது செய்யக்கூடாதா? ஏரிக்கரையில் பட்டாசு வெடிக்க வேண்டாம். தம்பிமார் கையிலுள்ள உண்டிவில்லை வாங்கி வைப்போம். பறவை பயப்படாத தூரத்தில் நின்று கிடைக்கும் படமே போதும் என்று மனநிறைவு கொள்வோம்.