கோழிக்கு மின்வேலி: சின் மிங்கில் தேவையில்லை, ஊரில் கவனம் தேவை

சிங்கப்பூரின் சில குடியிருப்புப் பேட்டைகளில் காலையில் முதலில் கேட்பது சேவலின் கூவல்தான். பாசிர் ரிஸ், சின் மிங் போன்ற இடங்களில் வீவக புளோக்குகளுக்குக் கீழே கோழிகள் குஞ்சுகளுடன் மேய்கின்றன. அவற்றுக்கு உரிமையாளர் என்று யாரும் இல்லை. சிலருக்கு அவை கம்பத்து வாழ்க்கையின் மிச்சம்; இரவு வேலை முடித்து வந்து தூங்குபவர்களுக்குப் பெரும் தொல்லை.

இந்தக் கோழிகளைப் பற்றிய பேச்சு 2017ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் வரை போனது. சின் மிங் வட்டாரத்தில் திரிந்த 24 கோழிகளை அப்போதைய வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் பிடித்துக் கொன்றது. கூவல் சத்தம் குறித்து ஏறத்தாழ 20 புகார்கள் வந்திருந்தன. சத்தத்துக்காகவா உயிரைப் பறிப்பது என்று எதிர்ப்பு கிளம்பியதும், பறவைக் காய்ச்சல் அபாயமே காரணம் என்று ஆணையம் விளக்கியது. அந்தக் காரணத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. 2005இல் இதே அச்சத்தால்தான் புலாவ் உபின் தீவுவாசிகள் கோழிகளைத் திறந்தவெளியில் வளர்ப்பதை விட நேர்ந்தது. ஆனால் முதலில் சத்தத்தையும் பிறகு நோயையும் சொன்னதால், இரண்டையுமே பலர் நம்பவில்லை. நிலைமையைச் சிக்கலாக்கும் இன்னொரு செய்தியும் உண்டு. வீட்டுக் கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி சிங்கப்பூரின் சொந்தப் பறவை. இங்கு அருகிவரும் இனமாகவும் கருதப்படுகிறது. பேட்டையில் திரிவது எந்த வகை என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்வது எளிதன்று.

கோழி இருக்கும் இடத்துக்கு அதைத் தின்ன வரும் விலங்கும் வரும். சிங்கப்பூரில் அதில் முதலிடம் மலைப்பாம்புக்கு. பெருங்கால்வாய்களும் சாக்கடைகளும் அதற்கு நெடுஞ்சாலைகள். அதன் முதன்மை உணவு எலிதான் என்பதால் நகரத்துக்கு அது ஓசையில்லாமல் ஒரு சேவை செய்கிறது என்றே சொல்ல வேண்டும். அதற்கு அடுத்து உடும்பு, மரநாய், காகம். தரைவீட்டில் ஆசையாக நான்கு கோழி வளர்ப்பவர் ஒரு நாள் காலையில் கூண்டுக்குள் கோழிக்குப் பதில் வயிறு புடைத்த பாம்பைப் பார்த்தால், மின்வேலி போடலாமா என்ற எண்ணம் வருவது இயல்பு. 2022 ஜூன் மாதம் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, சொந்தமாகக் கோழி வளர்க்கலாமே என்ற பேச்சு இங்கே கொஞ்ச நாள் சூடாக இருந்தது. சிங்கப்பூர் இறக்குமதி செய்யும் கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? வீவக வீடுகளில் கோழி வளர்க்க அனுமதியில்லை. தரைவீடுகளில் விற்பனைக்கு அல்லாமல் பத்துக் கோழிகள் வரை வளர்க்கலாம். ஆனால் வெளிப் பறவைகள் நுழைய முடியாத கூண்டு வேண்டும். மின்வேலிக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் அனுமதி தேவை. வனவிலங்குச் சட்டம் மலைப்பாம்பையும் பாதுகாக்கிறது. விருப்பப்படி பிடிக்கவோ கொல்லவோ முடியாது. பாம்பைக் கண்டால் விலகி நின்று 1800-476-1600 என்ற எண்ணில் தேசியப் பூங்காக் கழகத்தை அழைப்பதே வழி.

சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் இந்த ஊருக்கு மின்வேலி பொருந்தாது. முறையான மின்வேலியில் மின்சாரம் தொடர்ந்து ஓடுவதில்லை. வேலிக்கென்றே செய்யப்பட்ட ஒரு கருவி, ஏறக்குறைய வினாடிக்கு ஒரு முறை, கண்ணிமைப்பதைவிடக் குறைந்த நேரத்துக்கு ஒரு துடிப்பை அனுப்பும். வோல்ட் கணக்கில் அது ஆயிரங்களில் இருக்கும். ஆனால் அதிலுள்ள ஆற்றல் மிகக் குறைவு. தொட்ட விலங்குக்குச் சுரீரென்று வலிக்கும். அடுத்த துடிப்புக்குள் விலகிவிட நேரம் கிடைக்கும். மண்ணில் நல்ல எர்த் கம்பி இறக்கியிருக்க வேண்டும், கம்பியில் புல் படக்கூடாது. அனைத்துலகத் தரநிலைகளும் இந்த ஏற்பாட்டுக்கு உண்டு. மழை விட்ட மறுவாரமே லாலான் புல் முழங்கால் உயரம் வளரும் சிங்கப்பூரில், புல் கம்பியைத் தொட்டுத் துடிப்பை மண்ணுக்குள் இழுத்துக்கொண்டே இருக்கும். பாம்போ வேலிப் பக்கம் வராமல் கால்வாய் வழியே வரும். மரநாய்க்கு மாமரக் கிளை போதும்.

அரை அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுள்ள கெட்டியான கம்பிவலை, அதே வலையால் கூரை, தரைக்குக் கீழும் ஒரு சாண் புதைத்த ஓரம், இரவில் பூட்டும் கதவு. கோழியைக் காக்க இவ்வளவுதான் வேண்டும். மீந்த தீனியை இரவில் அள்ளிவிட்டால் எலி குறையும், எலி குறைந்தால் பாம்பும் குறையும். ஊரில் அந்தி சாய்ந்ததும் கோழிகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து மூடிய அப்பத்தாக்களுக்கு இது புதிய பாடமில்லை.

இங்கே இந்தப் பேச்சு பெரும்பாலும் பொழுதுபோக்கு. கடல் தாண்டினால் உயிர்ப் பிரச்சினை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் கூடும் ஊழியர்களில் பலர் புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் ஊரில் தோட்டமும் கோழிப்பண்ணையும் நடக்கின்றன. காட்டுப்பன்றி, நரி, நாய்த் தொல்லை என்றதும் அங்கே சிலர் கையில் எடுப்பது வேலிக் கருவியை அல்ல. பம்புசெட் இணைப்பிலிருந்தோ கம்பத்தில் கொக்கி போட்டோ 230 வோல்ட் மின்சாரத்தை நேராக வெறுங்கம்பியில் விடுகிறார்கள். அதில் துடிப்பு கிடையாது, இடைவெளி கிடையாது. தொட்டவரின் தசை இறுகிப்போய், கையை எடுக்க நினைத்தாலும் முடியாது. இரண்டையும் ‘மின்வேலி’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஒன்று வேலி, மற்றது பொறி.

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட கம்பியில் சிக்கி மூன்று பெண் யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. நிலத்துக்காரர் கைது செய்யப்பட்டார். 2025 ஜூனில் கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் வழிக்கடவில், காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பியில் 15 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். நண்பர்களுடன் மீன் பிடிக்கப் போன பிள்ளை அவர். செய்தித்தாள்களில் தேடினால் வைத்தவரோ அவர் வீட்டாரோ தாங்கள் கட்டிய கம்பியிலேயே விழுந்த சம்பவங்களுக்கும் குறைவில்லை. இரவில் கம்பியைப் போட்டவர் விடிகாலையில் சுவிட்சை அணைக்க மறப்பதற்கு ஒரு நொடி போதும்.

விவசாயியை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமாகாது. ஒரே இரவில் பன்றிக் கூட்டம் கடலையை உழுதுவிட்டுப் போனால், இழப்பீட்டுக்கு மனுக் கொடுத்துக் காத்திருக்க அவருக்குத் தெம்பு இருக்காது. தமிழக அரசு 2023இல் மின்வேலிகளைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்த விதிகளைக் கொண்டுவந்தது. பழைய வேலி, புதிய வேலி இரண்டுமே பதிவுக்கு உட்பட வேண்டும், கருவி உரிய தரத்தில் இருக்க வேண்டும். விதி காகிதத்தில் இருக்கிறது. கொக்கிக் கம்பியோ இருட்டில் இருக்கிறது.

இதில் சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு ஒரு வேலை உண்டு. இங்கே எல்லா வீடுகளிலும் மின்கசிவுத் தடுப்புக் கருவி பொருத்தியிருக்க வேண்டும் என்ற விதி 2023 ஜூலையில் நடப்புக்கு வந்தது. பழைய வீடுகளுக்கு 2025 ஜூலை வரை அவகாசம் தரப்பட்டது. வெறும் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அந்தக் கருவி மின்சாரத்தைத் துண்டித்துவிடும். வேலையிடத்தில் ஒரு வயரைத் தொடுவதற்கு முன்பு சுவிட்சைப் பூட்டி, அட்டை மாட்டிப் பழகிய தம்பிகள் இதை ஊரிலுள்ள அண்ணனுக்கும் சித்தப்பாவுக்கும் தொலைபேசியில் விளக்க முடியும். அடுத்த மாதம் பணம் அனுப்பும்போது சோலார் பலகை, பேட்டரி, தரமுத்திரையுள்ள வேலிக் கருவி, எர்த் கம்பி ஆகியவற்றுக்கென்று தனியாக ஒரு தொகை ஒதுக்கலாம். கோழிக்கு மட்டும்தான் பாதுகாப்பு என்றால் அந்தச் செலவும் வேண்டாம். வலை வாங்கப் பணம் போதும். ஏற்கெனவே தோட்டத்தைச் சுற்றிக் கம்பி ஓடுகிறதென்றால், அது எங்கிருந்து மின்சாரம் எடுக்கிறது என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.