மணி அடிக்கும் கரங்கள்



கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்துவிட்டன. சென்ற ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் நாம் ஒரு சிறு சோதனை நடத்தினோம். உயர்நிலைப் பள்ளியில் பயிலும் பிள்ளைகள் முப்பது பேர் அமர்ந்திருந்தனர். "உங்கள் தலைமையாசிரியரின் பெயர் என்ன?" என்று கேட்டோம். எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். கணித ஆசிரியர், தமிழாசிரியர், உடற்பயிற்சி ஆசிரியர் எல்லாருடைய பெயரும் தவறாமல் வந்தது. "மணி அடிப்பவரின் பெயர் என்ன?" என்றோம். அமைதி. பின்வரிசையிலிருந்து ஒரு சிறுவன், "பியூன், சாமி" என்றான். "அது அவர் செய்யும் வேலை, பெயர் என்ன?" என்றோம். விடையில்லை. "நண்பகலில் உங்களுக்குச் சமைத்துப் போடும் அம்மாவின் பெயர்?" என்றதற்கு, "சத்துணவு ஆயா" என்றார்கள். "கழிப்பறையைக் கழுவுகிறவர்?" என்று கேட்டபோது சிரிப்பே விடையாக வந்தது.

அந்தச் சிரிப்பு அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஐந்தாண்டுகள் ஒருவர் கையால் உண்டு, அவர் துடைத்த பலகையில் அமர்ந்து, அவர் அடித்த மணிக்கு எழுந்து நடந்த பிள்ளைக்கு அவர் பெயர் தெரியவில்லை. குறை பிள்ளைகளுடையதா? வீட்டில் நாம் எந்தப் பெயர்களை மரியாதையோடு உச்சரிக்கிறோமோ, அந்தப் பெயர்களையே பிள்ளைகள் கற்றுக்கொள்கின்றனர்.

நமது கம்பம் பள்ளத்தாக்கின் விடியற்காலையை எண்ணிப் பாருங்கள். நான்கரை மணிக்கெல்லாம் ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிச் செல்லும் ஜீப்புகள் கம்பமெட்டு, போடிமெட்டு, குமுளிச் சாலைகளில் மலையேறத் தொடங்கிவிடுகின்றன. தாய் தூக்குச் சட்டியோடு புறப்பட்டுவிடுகிறாள். தந்தை திராட்சைத் தோட்டத்துக்கோ, முல்லைப் பெரியாற்றுப் பாசன வயலுக்கோ போய்விடுகிறார். பிள்ளை தானே எழுந்து, தானே தலைவாரி, பல நாள்களில் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வந்து சேர்கிறது. அன்றைய தினம் அதன் முகத்தை முதன்முதலாகப் பார்க்கும் பெரியவர் யார்? பள்ளியின் வாயிற்கதவைத் திறந்துவிடும் காவலர்தாம். "ஏன் முகம் வாடியிருக்கு? காய்ச்சலா?" என்று கேட்பவரும் பெரும்பாலும் அவரே.

அவருக்குப் பின்னால் ஒரு சிறு கூட்டமே உழைக்கிறது. அலுவலக எழுத்தர், ஆய்வக உதவியாளர், அலுவலக உதவியாளர், பெருக்குபவர், தூய்மைப் பணியாளர், சத்துணவு அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் எனப் பல பெயர்கள். இவர்களுள் எவருடைய வேலை சிறிது? எழுத்தரை எடுத்துக்கொள்வோம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் அவர் எழுதும் பெயரும் பிறந்த தேதியுமே பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குப் போகின்றன. அங்கிருந்து வேலைக்கும் கடவுச்சீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் போகின்றன. ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த நீதிமன்றப் படியேறியவர்கள் நம் பங்குகளிலேயே உண்டு. ஆய்வகத்தில் அமிலக் குப்பிகளை வரிசைப்படுத்தி, உடைந்த கண்ணாடியைப் பொறுக்கி, பிள்ளையின் கண்ணையும் கையையும் காப்பவர் ஆய்வக உதவியாளர். 2015-ஆம் ஆண்டு மே 31 அன்று அரசுப் பள்ளிகளின் 4,362 ஆய்வக உதவியாளர் இடங்களுக்கு நடந்த தேர்வுக்கு ஏறக்குறைய 8 இலட்சம் பேர் விண்ணப்பித்தனர். பத்தாம் வகுப்புத் தகுதி போதுமென்ற அவ்வேலைக்குப் பட்டதாரிகளும் வரிசையில் நின்றனர். இத்தகைய வேலையின் அருமை அதற்கு ஏங்கி நிற்பவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சத்துணவுக் கூடத்துக்கு வருவோம். பள்ளியில் சோறு போடும் வழக்கம் தமிழ் மண்ணில் நெடிய வரலாறு உடையது. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் அதைத் தொடங்கிற்று. 1956-இல் காமராசர் ஆட்சியில் அது மாநிலம் தழுவிய மதிய உணவுத் திட்டமாயிற்று. 1982 சூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்; 1984-இல் அது பதினைந்து வயது வரையுள்ள மாணவர்களுக்கும் விரிந்ததால் உயர்நிலைப் பள்ளிகளிலும் அடுப்பு எரியத் தொடங்கிற்று. கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் அவ்வேலையில் முன்னுரிமை தரப்பட்டது. 1989-இல் இரு வாரத்துக்கு ஒன்று என வந்த முட்டை, 2010-இல் வாரத்துக்கு ஐந்தாயிற்று. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2024 சூலை 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியிலுள்ள நம் கத்தோலிக்கப் பள்ளியொன்றில் தொடங்கி, ஊரகப் பகுதியின் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆயின் காலை உணவு தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கே உரியது. உயர்நிலைப் பள்ளியில் பயிலும் ஏலத்தோட்டக் கூலியாளியின் மகனுக்கு அன்றைய முதல் உணவு நண்பகல் சோறாகவே இருக்கக்கூடும். அதைப் புகையில் நின்று வடிப்பவர் யாரென்று அவன் அறிய வேண்டாமா?

அறிய விரும்பாதவர்களும் உளர். 2018 சூலைத் திங்களில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசு உயர்நிலைப் பள்ளிக்குச் சமையலராக மாற்றலாகி வந்த அருந்ததியர் பெண்மணி ஒருவரைச் சமைக்கவிடாது ஊரார் சிலர் தடுத்தனர். அதிகாரிகள் முதலில் செய்தது யாது? தடுத்தவர்களை விட்டு, அப்பெண்மணியையே இடம் மாற்றினர். எதிர்ப்பு எழுந்த பின்னரே அந்த ஆணை நீங்கிற்று. சமையல் பணியில் தலித் மக்களுக்கு முன்னுரிமை தர வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்பிரல் 20 அன்றே ஆணையிட்டிருந்தும் இவ்வாறு நடந்தது. வழக்கு ஏழாண்டுகள் நடந்து, 2025 நவம்பரில் அறுவருக்கு ஈராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இதைப் படித்து, "அது வேறு மாவட்டம், வேறு மக்கள்" என்று பெருமூச்சு விடுவோர் உங்களுள் இருக்கலாம். ஆகவே நாம் மறைத்து வைத்திருந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் இப்பள்ளத்தாக்கின் ஒரு பங்கில் நாம் பள்ளித் தாளாளராகவும் இருந்தோம். ஆண்டின் இடையில் சத்துணவுக் கூடத்துக்குப் புதிய சமையல் உதவியாளர் வந்தார். கணவரை இழந்தவர், நம் திருச்சபையின் மகள், ஊரின் கடைசித் தெருவைச் சேர்ந்தவர். ஒரு வாரத்துக்குள் தட்டேந்தும் பிள்ளைகளின் தொகை பாதியாகக் குறைந்தது. பிறகு தாய்மார் சிலர் பங்கு இல்லத்துக்கு வந்தனர். ஞாயிறுதோறும் நம் கையால் நற்கருணை வாங்குபவர்கள். "பிள்ளைகளுக்கு வயிறு ஒத்துக்கலை சாமி. யூனியன் ஆபீசுக்கு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, வேற ஆளைப் போட்டுடுவாங்க" என்றனர். வயிற்றைப் பற்றிய பேச்சு அன்று அது என்பது அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். நாம் சொன்ன விடை, "பார்க்கலாம்" என்பது. அந்த ஒரு சொல்லே நமது பாவம். திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது, ஊர் இரண்டுபட்டுவிடும் என்று அஞ்சினோம். பதினொரு நாள்கள் வாய் திறவாதிருந்தோம். அந்தப் பதினொரு நாள்களும் அப்பெண்மணி வடித்த சோற்றில் பாதியை மாட்டுத் தொட்டியில் கொட்டினார்.

பன்னிரண்டாம் நாள் பள்ளியின் அலுவலக உதவியாளர், ஓய்வுக்கு ஓராண்டே எஞ்சியிருந்த பெரியவர், நண்பகல் மணியை அடித்துவிட்டு நேரே சத்துணவுக் கூடத்துக்குப் போனார். அவர் அந்தத் தாய்மாரின் தெருவைச் சேர்ந்தவர். அவர்களுள் இருவருக்குப் பெரியப்பா முறை. எட்டாம் வகுப்பில் படித்த தம் பேரனைக் கைப்பிடித்து அழைத்துவந்து பக்கத்தில் உட்கார வைத்தார். "ஆத்தா, ரெண்டு தட்டு" என்றார். அவ்வளவே அவர் பேசியது. பிள்ளைகள் பார்க்க, பேரனும் தாத்தாவும் உண்டு எழுந்தனர். தட்டை அவரே கழுவினார்.

செய்தி மாலையில் நம் காதுக்கு எட்டியது. இறையியல் பயின்ற நாம் தயங்கி நின்ற இடத்தில், மணி அடிப்பவர் முந்திச் சென்றிருந்தார். மறுநாள் நாமும் சென்று அவருக்கு அடுத்து அமர்ந்து உண்டோம். அடுத்த ஞாயிறு மறையுரையில், "பார்க்கலாம்" என்று சொன்னதற்காக அப்பெண்மணியின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டோம். தட்டுகள் ஒன்றிரண்டாகத் திரும்பின. எல்லாம் திரும்பின என்று சொன்னால் அது பொய்யாகும். நான்கைந்து வீட்டுப் பிள்ளைகள் அவ்வாண்டு முடியும் வரை வீட்டுச் சோறே கொண்டுவந்தனர். ஆயினும் அப்பெண்மணி அவ்விடத்திலேயே பணியைத் தொடர்ந்தார்.

பள்ளி வாயிலில் நின்றவர்களைத் திருச்சபை பீடத்தில் ஏற்றியிருப்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஸ்பெயின் நாட்டு அல்போன்ஸ் ரொட்ரிகஸ் மனைவி மக்களை இழந்து, கம்பளி வாணிகமும் நொடிந்து, நாற்பது வயதையொட்டி இயேசு சபையில் துணைச் சகோதரராகச் சேர்ந்தவர். மயோர்க்கா தீவிலிருந்த கல்லூரியில் ஏறத்தாழ நாற்பத்தாறு ஆண்டுகள் வாயிற்காவலராக இருந்து 1617-இல் மறைந்தார். கதவு தட்டப்படும்போதெல்லாம் ஆண்டவரே வெளியில் நிற்பதாக எண்ணி எழுந்து போவார். அங்கே பயின்ற இளைஞர் பீட்டர் கிளேவர் அவரிடம் அறிவுரை கேட்டு, பின்னர் அடிமைகளாக விற்கப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் தொண்டரானார். 1888-இல் காவலரும் மாணவரும் ஒரே நாளில் புனிதராக உயர்த்தப்பட்டனர். கனடாவின் மாண்ட்ரீல் நகரில் ஒரு பள்ளியின் வாயிலில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நின்ற சகோதரர் அந்திரேயா பெசெத் அதிகம் எழுதப் படிக்கத் தெரியாதவர்; 2010-இல் புனிதரானார். அவ்விரு பள்ளிகளின் தலைவர்கள் எத்தனை பேரை உலகம் இன்று நினைவில் வைத்திருக்கிறது?

புகழ்ச்சி மட்டும் வயிற்றை நிரப்பாது என்பதையும் சொல்லிவிடுவோம். காலியான இடம் நிரப்பப்படாமல், தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்காக உழைப்போர் பலர். இரண்டாம் ஜான் பால் 1981-இல் வெளியிட்ட உழைப்பைப் பற்றிய சுற்றுமடலில், நீதியான ஊதியமே ஒரு சமுதாய அமைப்பின் நேர்மையை அளக்கும் அளவுகோல் என்று கற்பித்தார். 1972-இல் வந்த பணிக்கொடைச் சட்டம், ஐந்தாண்டுகள் தொடர்ந்து உழைத்தவருக்கு ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்று கணக்கிட்டது. 1997-இல் கல்வி நிலையங்களுக்கும் அது விரிந்தது. தாளாளர்களாகிய நாம், பள்ளியைப் பெருக்கிய பெண்மணி ஓய்வு பெறும்போது அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தோமா, அல்லது ஒரு சேலையும் சால்வையும் தந்து அனுப்பிவிட்டோமா? இக்கேள்வி முதலில் நமக்கு, பிறகே பிறருக்கு.

குடும்பங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. இம்மாதம் ஒரு நாள் இரவு உணவின்போது பிள்ளையிடம், பள்ளியில் மணி அடிப்பவர், சமைப்பவர், பெருக்குபவர், கழிப்பறை கழுவுபவர் ஆகிய நால்வரின் பெயரையும் கேளுங்கள். தெரியாவிடில் மறுநாள் கேட்டு வரச் சொல்லுங்கள். அவர்களை "அண்ணா", "அக்கா", "அம்மா", "ஐயா" என்று விளிக்கப் பழக்குங்கள். வயதில் மூத்தவரை ஒருமையில் அழைக்கும் பிள்ளையை அப்போதே திருத்துங்கள். கழிப்பறையில் நீரூற்றாமல் வருவது, தாம் செய்ய வேண்டியதை இன்னொருவரின் கையில் சுமத்துவது என்பதை விளக்குங்கள். பெற்றோர்–ஆசிரியர் கழகக் கூட்டத்தில், தூய்மைப் பணியாளருக்குக் கையுறையும் நல்ல துடைப்பமும் உண்டா, ஊதியம் மாதாமாதம் கிடைக்கிறதா என்று ஒருவரேனும் எழுந்து கேளுங்கள். ஆண்டு விழா நிழற்படத்தில் அவர்களுக்கும் நாற்காலி போடச் சொல்லுங்கள்.

அந்தப் பெரியவர் ஓய்வு பெற்ற நாளில், கடைசி மணியைப் புதிய சமையல் உதவியாளரின் மகள் அடிக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். ஆறாம் வகுப்புச் சிறுமி; கை எட்டவில்லை. அவரே ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டார். அவர் பெயரை இங்கே எழுதினால் அவர் விரும்பமாட்டார். உங்கள் பள்ளியிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். அவர் பெயரை நீங்களே கேட்டறியுங்கள்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.