வெயிலுக்குத் தகுதியில்லை என்று யாரும் சொல்வதில்லை

நொய்யலில் ஓடிய சாயக்கழிவைக் கொங்கு மண் மறக்காது. 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர்நீதிமன்றம். அந்தச் சாயத்தை ஒளியைக் கொண்டே சிதைக்க முடியுமா என்பதுதான் குறைக்கடத்தி நானோ பொருட்களில் உழைக்கும் பல முனைவர் பட்ட மாணவர்களின் கேள்வி.

இதில் பெயர்பெற்ற டைட்டானியம் டை ஆக்சைடுக்கு ஒரு குறை உண்டு. அதன் ஆற்றல் இடைவெளி சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட். புற ஊதாக் கதிர்தான் அதைத் தாண்டும். வெயிலின் பெரும்பகுதி வீண். அதற்காக வெயிலுக்குத் தகுதியில்லை என்று எந்த ஆய்வாளரும் சொல்வதில்லை. நைட்ரஜனைக் கலந்து பொருளைத்தான் மாற்றிப் பார்க்கிறார்கள்.

ஆனால் அதே ஆய்வகத்தில் ஒரு தலித் மாணவர் தடுமாறினால், உடனே 'தகுதி' பேச்சு வந்துவிடுகிறது. நேர்முகத் தேர்வில் இடம், கருவியில் நேரம், உதவித்தொகைப் படிவம், ஆய்வேடு என எல்லாமே வழிகாட்டியின் ஒரு கையெழுத்தில் தொங்குகின்றன. "எந்த ஊரு, என்ன கூட்டம்?" என்று விசாரிக்கும் ஊரில் அந்தக் கையெழுத்துக்குச் சாதி இல்லையா?

2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத்தில் நாம் இழந்த ரோகித் வெமுலா, ஏழு மாத உதவித்தொகை பாக்கியைக் கடைசிக் கடிதத்திலும் எழுதிவைத்தார்.

நேர்முக மதிப்பெண்ணை வெளியிடு. உதவித்தொகையை மாதந்தோறும் கொடு. வழிகாட்டியை மாற்றும் உரிமையை உறுதி செய். மாற வேண்டியது மாணவர் அல்ல தோழர்களே, ஆய்வகம்தான்.