மருந்தை விட்டோம், வெயிலை என்ன செய்வது?

"மருந்தடிக்கறதை விட்டாச்சு, இனி நமக்கு ஏதுங்க கேன்சர்?" ராசிபுரம், பரமத்தி வேலூர் பக்கம் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. விட்டது நல்லதுதான். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் வெயிலையும் 1992லேயே சேர்த்துவிட்டது. குச்சிக்கிழங்குக் காட்டில் களை வெட்டும்போது, நீங்கள் போட்டது பஞ்சகவ்யாவா யூரியாவா என்று வெயில் கேட்பதில்லை.

நம் கறுப்புத் தோல் நல்ல கவசம். அதிலுள்ள மெலனின் புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடும். அதனால்தான் வெள்ளைக்காரர்களைவிட நமக்குத் தோல் புற்று மிகக் குறைவு. குறைவுதானே ஒழிய, இல்லாமல் இல்லை. நாற்பது வருசம் காட்டில் நின்றவருக்குக் காது நுனி, வழுக்கைத் தலை, கீழுதடு, புறங்கை இங்கெல்லாம் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று ஒரு செதில் வரலாம். உரித்தாலும் திரும்ப வரும். பலது அப்படியே கிடக்கும், சிலது தானாக மறையும், ஒன்றிரண்டு புற்றாக மாறும். எது மாறும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. தடித்தாலோ, வலித்தாலோ, ரத்தம் கசிந்தாலோ டாக்டரிடம் காட்டியே ஆகணும். பழைய தீக்காயத் தழும்பில் வரும் ஆறாத புண்ணுக்கும் இதே கதைதான். அதற்கு வெயில்கூடத் தேவையில்லை.

இங்கேதான் நம்ம ஆட்களோடு எனக்குச் சண்டை. மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் போடுங்க, நானும் போடுறவன்தான். ஆனா ஒரு மாசத்தில் ஆறாத புண்ணுக்கு ஆறு மாசம் பத்துப் போட்டுக்கிட்டு இருக்காதீங்க. சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைக்குப் போனால் துளி சதை எடுத்துச் சோதித்துச் சொல்லிவிடுவார்கள். ஆரம்பத்திலேயே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் அதோடு தீர்ந்தது.

தலைத்துண்டு தலையைக் காக்கும், காதையும் உதட்டையும் காக்காது. அகல விளிம்புள்ள ஓலைத்தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வேணும். ஆளுங்களை நேரமே வரச்சொல்லி உச்சி வெயிலுக்கு முன்னால் அனுப்புவது நம் கையில்தான் இருக்கு.

மெலனோமா அல்லாத தோல் புற்றுச் சாவுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்கு வெயிலில் வேலை செய்ததே காரணம் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் கணக்குச் சொன்னார்கள். ஜெர்மனியில் 2015 முதல் இது தொழில்நோய். நம் 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் தாரால் வரும் தோல் புற்றுக்கு இடம் கொடுத்தார்கள், வெயிலுக்குக் கொடுக்கவில்லை. விவசாயிகள் குறைதீர் நாளுக்கு அடுத்த மனு எழுதும்போது இதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்க.