ஆய்வு தன்னது, நா மட்டும் அயலதோ?

பள்ளி அறிவியல் அரங்குகளில் ஆண்டுதோறும் ஒரு கொடுமை நடந்தேறுகின்றது. அதனைக் கொடுமையென்று கூறுவார் இலர். கைதட்டிப் பாராட்டுவாரே உளர். பெற்றோர் மகிழ்கின்றனர், தலைமையாசிரியர் பெருமிதங் கொள்கின்றார். மேடையில் நிற்கும் பிள்ளை மட்டுமே உண்மையை அறியும். தான் கண்டதைத் தான் கூறவில்லை, பிறர் எழுதித் தந்த ஆங்கிலத்தை நெட்டுருச் செய்து ஒப்பிக்கின்றோம் என்பது அதன் உள்ளத்திற்குத் தெரியும்.

கடலோரச் சிற்றூர் மாணவி ஒருத்தி தன்னூர்க் கிணறுகளின் உவர்ப்பை ஆராய்ந்தாள் எனக் கொள்க. முன்பெல்லாம் இக்கிணற்று நீரையே குடித்தோம் என்று பாட்டி கூறிய சொல்லிலிருந்து அவள் வினா பிறந்தது. கரையோரத்திலிருந்து ஊரின் மேற்கெல்லை வரை 12 கிணறுகளைத் தேர்ந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு நீர் முகந்து, காய்ச்சி ஆவியாக்கி, ஏனத்தின் அடியில் தங்கிய உப்பை நிறுத்தாள். கோடையில் ஒருமுறையும், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் மறுமுறையும் அளந்தாள். பொறிவைத்து மிகுதியாக நீரிறைக்கும் தோட்டங்களை அடுத்த கிணறுகளே மிக உவர்த்திருக்கக் கண்டாள். இஃது அறிவியல். எந்நாட்டு அறிஞரும் மதிக்கத் தக்க அறிவியல்.

அவளை மாவட்ட அரங்கிற்கு விடுக்கும் வேளையில் பள்ளியார், "ஆங்கிலத்திற் பேசினால்தான் எடுப்பாக இருக்கும்" என்கின்றனர். நான்கு பக்க ஆங்கிலவுரை அணியமாகின்றது. பத்து நாள் அதனை உருப்போடுகின்றாள். மீண்டும் ஒருமுறை நீரை அளந்து பார்க்கவும், ஐயங்களை ஆசிரியரோடு பேசித் தெளியவும் பயன்பட்டிருக்க வேண்டிய நாள்கள் அவை. மேடையில் உரை வழுவின்றி முடிகின்றது, கைதட்டல் எழுகின்றது. பிறகு நடுவர் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வினா வினவுகின்றார்: "மழைக்குப் பின் அளந்தாயா?" விடை அவள் கையிலுள்ள குறிப்பேட்டிலேயே இருக்கின்றது. எனினும் அவள் வாய் திறக்கவில்லை. வினாவே அவளுக்கு விளங்கவில்லை. "ஆய்வில் ஆழமில்லை" என்று நடுவர் எழுதிக்கொள்கின்றார். ஆழம் ஆய்வில் இருந்தது. அதன் மேல் பலகையிட்டு மூடியது, அவள்மேற் சுமத்தப்பட்ட மொழி!

அவையில் ஆய்வை எடுத்துரைத்தல் எதற்காக? எழுதிய ஏட்டை எவரும் படித்துக்கொள்ளலாம். ஆயின் ஏட்டை இடைமறித்து வினவ இயலாது. ஆய்ந்தவரை நேரில் நிறுத்தி, "எப்படி அளந்தாய்? வேறு கரணியம் இருத்தல் கூடாதா? இம்முடிவை மறுக்கும் சான்று எதனையேனும் கண்டாயா?" என்று வினவுவதற்கே அவை கூடுகின்றது. எனவே உரையின் உயிர், உரை முடிந்த பின் தொடங்கும் வினாவிடையிலேயே உள்ளது. நெட்டுருவால் உரையைக் காக்கலாம். விடையைக் காக்க இயலாது. விடை, எண்ணும் மொழியிலிருந்தே வரும். ஒப்பித்தல் வேறு, எடுத்துரைத்தல் வேறு. கிளியும் ஒப்பிக்கும்!

திருவள்ளுவர் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். கற்றும் அவைக்கு அஞ்சுவார் கல்வி பயன்படாது என்பது அவர் கருத்து. இன்று தமிழ்ப்பிள்ளை அஞ்சுவது அவையை அன்று. அவையில் அமர்த்தப்பட்டுள்ள அயன்மொழியை. அவ்வச்சத்தைப் பிள்ளையின் குறையெனக் கூறுவோர், காலிற் கல்லைக் கட்டிவிட்டு ஓடத் தெரியவில்லை என்று பழிப்போரே யாவர்.

மைக்கேல் பாரடே கொல்லர் ஒருவரின் மகன். நூற்கட்டும் தொழில் பயின்றவர். 1812-இல் இலண்டன் அரச நிறுவனத்தில் அம்பிரி டேவியின் பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அவற்றை நூலாகக் கட்டி அவருக்கே விடுத்தார். 1813-இல் அங்கேயே உதவியாளராகச் சேர்ந்தார். அவ்வாண்டிலேயே, பொழிவாளன் எங்ஙனம் நிற்றல் வேண்டும், எத்துணை நேரம் பேசுதல் வேண்டும், கருவிகளை அவைக்கு எங்ஙனம் காட்டுதல் வேண்டும் என்று நண்பர்க்கு மடல்கள் வரைந்தார். பின்னர்ப் பேச்சுக்கலை ஆசிரியரிடம் பயின்றார். விரைந்து பேசும் தம் இயல்பை அடக்குதற்கு, "மெல்ல" என்றெழுதிய அட்டையைத் தம் கண்முன் வைக்கச் செய்தார். தாய்மொழியிற் பேசியவரே இத்துணை உழைத்தார்! தாய்மொழியிலும் இத்துணை உழைப்பு வேண்டியிருக்க, 13 அகவைப் பிள்ளையை அயன்மொழியில் நிறுத்திவிட்டுத் தெளிவை எதிர்பார்ப்பது அறிவுடைமையா?

"ஆங்கிலம் உலகமொழி, அஃதின்றி அறிவியல் இல்லை" என்பார் உளர். அவர்கள் சப்பான் நாட்டுத் தோசிகிதே மசுகாவாவை எண்ணிப் பார்க்க. மக்கோத்தோ கோபயாசியும் அவரும் 1973-இல், அன்று அறியப்பட்டிருந்த மூவகைக் குவார்க்குகள் போதா, ஆறு வகையேனும் இருத்தல் வேண்டும் என்று கணித்துரைத்தனர். அக்கட்டுரை ஆங்கிலத்தில் வெளிவந்தது உண்மையே. ஆயின் 2008-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றபோது, சுவீடன் நாட்டுத் தலைநகரில் உலகறிஞர் முன்னிலையில் மசுகாவா தம் பரிசுரையைச் சப்பானிய மொழியிலேயே நிகழ்த்தினார். அவர் அறிவை எவரும் ஐயுறவில்லை. உலகின் உச்சிமேடையில் தாய்மொழி செல்லும். தமிழ்நாட்டு மாவட்ட மேடையில் தமிழ் செல்லாதோ? ஆங்கிலத்தை மாணவர் கற்கட்டும். பிறர் எழுதியதைப் படிக்கவும், தாம் கண்டதை வெளிநாட்டார்க்கு எழுதவும் பயன்கொள்ளட்டும். அது சாளரமாக இருக்கட்டும், வாயிற்படியாக வேண்டா.

"தமிழிற் கலைச்சொல் இல்லை" என்பது அடுத்த பொய். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, தமிழ் கற்று, மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார்; நூல்களையும் தமிழிற் செய்தார். அவற்றுள் வடசொல் மண்டிக் கிடந்தது குறையே. 1852-இல் வந்த உடற்கூற்று நூலுக்கு "அங்காதிபாதம்" என்று பெயரிட்டிருந்தமை அதற்குச் சான்று. அக்குறையைப் பின்வந்தோர் களைந்தனர். இன்று ஒளிச்சேர்க்கை, ஈர்ப்புவிசை, வெப்பநிலை ஆகிய சொற்கள் பள்ளிப் பாடநூல்களிலேயே உள்ளன. ஒளிச்சேர்க்கை என்ற அளவிலேயே ஒளியால் ஏதோ சேர்கின்றது என்று பிள்ளைக்குப் புலப்படும். அதன் ஆங்கிலச் சொல்லோ வெறும் ஒலியாகவே காதில் விழும். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் பொறியியற் பட்டப்படிப்பையே தமிழ்வழியில் தொடங்கியது. சொல் இல்லை என்போர்க்கு இல்லாதது சொல்லன்று, விருப்பமே.

ஆயினும் தமிழ்ப் பற்றாளர்பாலும் ஒரு குற்றம் உண்டு. தமிழிற் பேசினாற் போதும், எவ்வாறு பேசினாலும் தகும் என்று கருதுவோர் பலர். ஆய்வுரைக்கு ஒதுக்கிய பத்து மணித்துளியில் மூன்றை அவைவணக்கத்திற்கும், இரண்டைத் தமிழின் தொன்மைக்கும் செலவிடுவது ஆய்வுரையன்று. அரசியல் மேடைப் பழக்கம். அடுக்குமொழி அளவைக்கு ஈடாகாது. தமிழ்மேடையிற் பொய்த்த ஆய்வு, ஆங்கிலமேடையிற் பொய்த்த ஆய்வினும் தமிழுக்கு மிக்க கேடு செய்யும்.

எனவே தமிழில் ஆய்வுரைக்க முனையும் மாணவர் கடைப்பிடிக்கத் தக்கன இவை. முதற்கண் வினாவைக் கூறுக. அடுத்து, செய்த முறையைக் கூறுக. பிறரும் அவ்வாறே செய்துபார்க்கும் அளவிற்குத் தெளிவாகக் கூறுக. பின்னர்க் கண்டதைக் கூறுக. கண்டது வேறு, கருதியது வேறு என்று பிரித்துக் காட்டுக. ஈற்றில், இன்னும் தெளியாதது எது என்பதையும் கூறுக. படமொன்றில் ஒரு கருத்தே இருத்தல் வேண்டும். எழுத்தும் எண்ணும் கடைசி வரிசையில் அமர்ந்தார்க்கும் தெரிதல் வேண்டும். கலைச்சொல்லை முதன்முறை ஆளும்போது ஒரு சொற்றொடரில் விளக்குக. பின் அச்சொல்லையே மாறாது ஆள்க. உரையை எழுதி உருப்போடற்க; குறிப்புகளை மட்டும் எழுதி, உவர்நீரைக் குடித்துப் பழகிய பாட்டியிடமும் தோட்டத்து உழவரிடமும் பேசிப் பார்க்க. அவர்க்கு விளங்காத இடம், பேசியவர்க்கே விளங்காத இடமாதல் கூடும். விடை தெரியாத வினா வரின், "அதனை ஆராயவில்லை" என்று அஞ்சாது கூறுக. அது தோல்வியன்று, அறிவியலின் நேர்மை.

1993-இல் தொடங்கிய குழந்தைகள் அறிவியல் மாநாடு, 10 முதல் 17 அகவைவரையுள்ள சிறாரைத் தத்தம் ஊர்ச் சிக்கல்களை ஆராய்ந்து எடுத்துரைக்கச் செய்தது. தாய்மொழியிற் பேசவும் இடந்தந்தது. அங்கே தடை விதியில் இல்லை. ஆசிரியர், பெற்றோர் உள்ளங்களிலேயே உள்ளது. விதி திறந்த கதவை அடிமையுள்ளம் அடைக்கின்றது!

தமிழ்ப் பெற்றோரே! பிள்ளை மேடையேறுமுன், "ஆங்கிலத்திற் பேசுவாயா?" என்று வினவற்க; "நீ என்ன கண்டாய்?" என்று வினவுக. தமிழாசிரியரே! அறிவியலாசிரியர்க்குச் சொல் தேவைப்படும்போது அருகிருந்து உதவுக. நடுவரே! பிள்ளை எண்ணும் மொழியில் வினவுக, விடை வரும்.

ஆய்வு அவளுடையது, கிணறு அவளூரது, உப்பு அவள் நாவறிந்தது. அதனைச் சொல்லும் நாவும் அவளுடையதாகவே இருக்கட்டும்!