நீலச் சட்டை அண்ணே, உங்களைத்தான்!



"மேம்பாலத்து இறக்கத்தில் பைக்கில் வந்த பையன் விழுந்து கிடந்தான். சுற்றி ஒரு கூட்டம். பாதிப் பேர் கையில் செல்போன். தொட்டுத் தூக்க ஆள் இல்லை. ஜனங்களுக்கு ஈரமே வற்றிப்போச்சா சார்?" என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இதே கேள்வி வேறு வேறு கையெழுத்தில் அடிக்கடி என் மேசைக்கு வரும். "ஆமாம்மா, காலம் கெட்டுப்போச்சு" என்று நாலு பத்தி எழுதினால் பக்கம் நிரம்பிவிடும், படிக்கிறவர்களும் தலையாட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே நின்றவர்களில் பெரும்பாலோருக்கு நெஞ்சு பதறித்தான் இருக்கும். பதறிய நெஞ்சுக்கும் நீளாத கைக்கும் நடுவில் வந்து நின்றது எது என்றுதான் கேட்க வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் தவறாமல் எழும் ஒரு குரலை நினைத்துப் பாருங்கள். "யாராவது 108-க்கு போன் பண்ணுங்கப்பா!" கத்தியவர் கையிலும் போன் இருக்கும், கேட்டவர்கள் கையிலும் இருக்கும். இந்நேரம் யாரோ அடித்திருப்பார்கள் என்று எல்லோரும் நினைப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து "ஆம்புலன்ஸ் இன்னும் வரலியே" என்று ஒருவர் சலித்துக்கொள்ளும்போதுதான், ஒருவருமே அடிக்கவில்லை என்பது தெரியவரும்.

இந்த விசித்திரத்தை உளவியலாளர்கள் ஆராயப் புறப்பட்டதற்குக் காரணம் நியூயார்க்கில் நடந்த ஒரு கொலை. 1964 மார்ச் 13 அன்று விடிவதற்கு முன், வேலை முடிந்து வீடு திரும்பிய கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண், குவீன்ஸ் பகுதியில் தன் குடியிருப்புக்கு அருகிலேயே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். இரண்டு வாரம் கழித்து 'நியூயார்க் டைம்ஸ்' முதல் பக்கத்தில் ஒரு செய்தி போட்டது. 38 பேர் அரை மணி நேரத்துக்கும் மேலாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம், தாக்குதல் நடக்கும்போது ஒருவரும் போலீசைக் கூப்பிடவில்லையாம். உலகமே அதிர்ந்தது. நகரத்து மனிதர்களின் கல்நெஞ்சுக்கு உதாரணமாக அந்தச் சம்பவம் பாடப்புத்தகங்களில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பத்திரிகைத் தொழிலில் இருப்பவனுக்குக் கூசுகிற இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. அந்த 38 என்ற கணக்கு பின்னாளைய ஆய்வுகளில் தேறவில்லை. பலர் காதில் விழுந்தது வெறும் சத்தம்தான். என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் மிகச் சிலர். ஒருவர் ஜன்னலிலிருந்து அதட்ட, கொலையாளி முதலில் ஓடியே போனான்; பிறகு திரும்பி வந்தான். சோஃபியா ஃபாரர் என்ற அண்டைவீட்டுப் பெண், அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறானா என்பதுகூடத் தெரியாமல் ஓடிப்போய், உயிர் பிரியும் நேரத்தில் கிட்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். 2016-ல் கொலையாளி சிறையில் இறந்தபோது, தன் பழைய செய்தியில் பிழைகள் இருந்ததை அந்த நாளிதழே எழுதியது. போதாக்குறைக்கு, அன்று சட்டென்று அடிக்க 911 என்ற அவசர எண்ணும் இல்லை; அமெரிக்காவில் அது அறிமுகமானதே 1968-ல்தான். உதவாத 38 பேர் முதல் பக்கத்துக்குப் போனார்கள். ஓடி வந்த ஒரு பெண்ணை வெகுகாலம் யாரும் கண்டுகொள்ளவில்லை. எங்கள் தொழிலின் கோணல் இது. இன்னும் நிமிர்ந்தபாடில்லை.

செய்தி கோணலாக இருந்தாலும் அது கிளப்பிவிட்ட ஆராய்ச்சி வீண்போகவில்லை. ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இருவர் 1968-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். மாணவர்களைத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து இன்டர்காமில் பேசவிட்டார்கள். பேச்சுக்கு நடுவே ஒரு குரல் திணறும். வலிப்பு வருகிறது, யாராவது வாருங்கள் என்று குழறும். முன்கூட்டியே பதிவு செய்த நடிப்பு அது. இந்தக் குரல் தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் குரல் அடங்குவதற்குள் எழுந்து ஓடினார்கள். இன்னும் நாலு பேர் காதிலும் விழுகிறது என்று நம்பியவர்களில் ஓடியது 31 சதவீதம்தான்.

இந்த எண்களை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்த ஆய்வறிக்கையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எழுந்து வராதவர்களின் அறைக்குள் ஆய்வாளர் நுழைந்தபோது, அவர்கள் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பலருக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்திருந்தது. "அந்தப் பையனுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார்கள். போகவா வேண்டாமா என்ற இழுபறியில் மாட்டிக்கொண்டு தவித்தவர்கள் அவர்கள். அவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று எப்படிச் சொல்வது?

இதற்கு நியூயார்க் வரை போக வேண்டியதில்லை. உங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் வரும் "பி நெகட்டிவ் ரத்தம் உடனடியாகத் தேவை" என்ற செய்தியைப் பாருங்கள். இருநூறு பேர் இருக்கும் குழு. எல்லோரும் கைகூப்பும் படத்தைப் போட்டு, இன்னும் மூன்று குழுக்களுக்கு ஃபார்வேர்ட் செய்துவிட்டு, தங்கள் பங்கு முடிந்தது என்று டீ குடிக்கப் போவார்கள். அந்த நோயாளி குணமாகி வீட்டுக்குப் போன பிறகும் அந்தச் செய்தி ஊர் சுற்றிக்கொண்டிருக்கும். அதே நேரத்தில், பி நெகட்டிவ் உள்ள ஒரு நண்பரின் பெயர் சொல்லி, "மாப்ளே, ஜி.எச்.சுக்கு உடனே வாடா" என்று ஒரு போன் போட்டால், அவர் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு வண்டியை எடுப்பார். இருநூறு பேரில் ஒருவராக நின்றபோது அவர் தலையில் விழாத பொறுப்பு, பெயர் சொன்னதும் விழுந்துவிடுகிறது.

ஆகவே, சாலையில் உதவி கேட்க நேர்ந்தால் கூட்டத்தைப் பார்த்துக் கத்தாதீர்கள். ஆளைப் பாருங்கள். "நீலச் சட்டை அண்ணே, உங்களைத்தான், 108-க்கு அடிச்சு இந்த இடத்தைச் சொல்லுங்க. தம்பி, நீ பின்னால வர்ற வண்டிகளை நிறுத்து. அக்கா, மயக்கத்துல இருக்கிறவருக்குத் தண்ணி ஊத்தாதீங்க, கழுத்தை அசைக்காதீங்க." இவ்வளவுதான். அதுவரை வேடிக்கை பார்த்த நீலச் சட்டைக்காரர் அடுத்த அரை மணி நேரம் அந்த இடத்துக்கே பொறுப்பாளர்போல ஓடியாடுவார்.

கூட்டம் என்றாலே உதவாது என்றும் நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தின் லங்காஸ்டர், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய நகரங்களின் கண்காணிப்பு கேமராக்களில் பதிவான 219 தெருச்சண்டைகளைச் சில ஆய்வாளர்கள் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். பத்தில் ஒன்பது சண்டைகளில் வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவராவது தலையிட்டிருந்தார். ஆள் கூடக் கூட, யாரோ ஒருவர் நுழைவதற்கான வாய்ப்பும் கூடியது. ஒவ்வொரு ஆளுக்கும் தயக்கம் உண்டு என்பதும், கூட்டத்தில் ஒருவருக்காவது அது உடைந்துவிடும் என்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல.

அவசரம் என்று இன்னொரு தடை இருக்கிறது. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் பாதிரியார் படிப்பு மாணவர்களை வைத்து நடத்தி, 1973-ல் வெளியான ஒரு சோதனை இதைக் காட்டியது. பக்கத்துக் கட்டடத்தில் போய்ப் பேசச் சொல்லி அனுப்புகிறார்கள். வழியில் ஒருவர் இருமி முனகிக்கொண்டு சரிந்து கிடக்கிறார். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். ஏற்கெனவே தாமதம், ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். இதில் வேடிக்கை, சிலர் பேசப்போன தலைப்பே வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியன் கதைதான். அதைப் பேசப்போனதால் பெரிய வித்தியாசம் ஒன்றும் வந்துவிடவில்லை. பயோமெட்ரிக்கில் ஒன்பது மணிக்குள் விரல் வைக்க ஓடுகிற நம் ஊர்க்காரரைத் திட்டுவதற்கு முன் அந்த வருங்காலப் பாதிரியார்களை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் நம் நாட்டில் எல்லாவற்றையும் விடப் பெரிய தடை பயம். "தூக்கிட்டுப் போனா நம்ம மேலயே கேஸ் திரும்பும்", "ஆஸ்பத்திரியில நீதான் பணம் கட்டணும்பான்", "சாட்சின்னு வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு அலையணும்." இவை வெறும் சாக்குகள் அல்ல, அனுபவப்பட்டவர்கள் சொல்லி வைத்தவை. 2013-ல் சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய ஆய்வில், விபத்தில் சிக்கியவருக்கு உதவ முன்வருவது சந்தேகம்தான் என்ற மனநிலையில் இருந்தவர்கள் 74 சதவீதம். அவர்களில் 88 சதவீதம் பேர் சொன்ன காரணம் போலீஸ், கோர்ட் தொல்லை. அதே அமைப்பு தொடுத்த வழக்கில்தான் 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம், உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்குச் சட்டத்தின் பலம் கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது, அடிபட்டவருக்கு ஏதாவது ஆகிவிட்டது என்பதற்காக உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ போட முடியாது. பெயர், முகவரி சொல்லியே ஆக வேண்டும் என்று போலீஸ் கட்டாயப்படுத்தக் கூடாது. சாட்சி சொல்வது உங்கள் விருப்பம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் வந்ததிலிருந்து, அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை.

சட்டம் வந்துவிட்டது, அது டீக்கடை வரைக்கும் வந்து சேரவில்லை. பேருந்தில் திருக்குறள் எழுதுகிற நாம், பக்கத்தில் இந்த 134ஏ-யையும் எழுதினால் என்ன என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

உதவுகிறவருக்குப் பணம் கொடுக்கலாமா? விபத்தில் சிக்கியவரை உரிய நேரத்தில் மருத்துவமனை சேர்ப்பவருக்கு 5,000 ரூபாய் என்று 2021-ல் மத்திய அரசு அறிவித்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் பணம் நுழைந்ததும் மனசு வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டோமசெல்லோவும் ஒன்றரை வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்த சோதனையைப் பாருங்கள். கை நிறையப் பொருளோடு அலமாரிக் கதவில் முட்டிக்கொண்டு நிற்கும் பெரியவரைப் பார்த்ததும், யாரும் கேட்காமலேயே தத்தித் தத்திப் போய்க் கதவைத் திறந்துவிட்ட குழந்தைகள் உண்டு. பிறகு நடந்த இன்னொரு சோதனையில், உதவிக்குக் கைம்மாறாகப் பரிசுப் பொருள் பெற்றுப் பழகிய குழந்தைகள், எதுவும் பெறாத குழந்தைகளைவிடப் பின்னால் குறைவாகவே உதவின.

பெரியவர்களிடமும் இதைப் பார்த்தோம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளக் கடற்கரை மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குப் போய் ஆயிரக்கணக்கானவர்களை மீட்டார்கள். படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தபோது, கொச்சியைச் சேர்ந்த ஓர் இளம் மீனவர் அந்தப் பணம் வேண்டாம் என்று பேசிய வீடியோ நாடு முழுக்கப் பரவியது. அவருக்கு அந்தப் பணத்துக்கு வேலை இல்லாமலா இருந்திருக்கும்? அந்தக் கூலியை வாங்கினால், தான் செய்தது வேறொன்றாக மாறிவிடும் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். உடைந்த படகைச் சீர்செய்ய, செலவான டீசலுக்கு என்று கொடுப்பது வேறு; அதைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். செய்த காரியத்துக்கே விலை போடும்போதுதான் சிக்கல்.

உதவி என்பதே சுயநலம்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு. அடுத்தவர் துயரத்தைப் பார்க்கும்போது நமக்கு உண்டாகும் வேதனையைப் போக்கிக்கொள்ளத்தான் உதவுகிறோம் என்றார் உளவியலாளர் ராபர்ட் சியால்டினி. இல்லை, அடுத்தவர் நிலையில் தன்னை வைத்துப் பார்த்தவர், எழுந்து போய்விட வழி இருந்தாலும் போவதில்லை என்று சோதனைகளை அடுக்கினார் இன்னொரு உளவியலாளர் டேனியல் பாட்சன். வருடக்கணக்கில் நடந்த வழக்கு. அடிபட்டுக் கிடப்பவருக்கு இதன் தீர்ப்பு தேவைப்படாது என்பது என் கட்சி. நாளை நமக்கும் ஆகும் என்று செய்வதையும் நான் மட்டமாக நினைக்கவில்லை. ஆடி மாதத்தில் புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் நடக்கும் மொய் விருந்துகளைப் பாருங்கள்: யார் எவ்வளவு செய்தார் என்பது நோட்டில் ஏறுகிறது, முறை வரும்போது திரும்புகிறது. எழுதிவைத்த கணக்குதான். அந்தக் கணக்கால் கடை வைத்தவர்களும் கிணறு வெட்டியவர்களும் உண்டு.

நோட்டில் ஏறாத உதவிகள்தான் என்னைக் குடைகின்றன. செய்தவர் பெயர் தெரியாது, திரும்பச் செய்ய முகவரி கிடையாது. ஆகவே அடுத்த இதழில் சில பக்கங்களை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். உங்களுக்கு உதவிவிட்டுப் பெயர் சொல்லாமல் போனவரைப் பற்றி எழுதி அனுப்புங்கள். "நடமாடும் தெய்வம்", "மனித வடிவில் வந்த கடவுள்" எல்லாம் வேண்டாம், அந்த வரிகளை நானே அடித்துவிடுவேன். அவர் என்ன சட்டை போட்டிருந்தார், முதலில் என்ன சொன்னார், உங்களை எதில் ஏற்றினார், போகும்போது எந்தப் பக்கம் போனார் என்று நினைவிருப்பதை எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மிகாமல் இருந்தால் நல்லது. எழுத்து கோணலாக இருந்தாலும் படித்துக்கொள்வோம்.

அன்புடன்,
ஆசிரியர்